பேட்டர்ன் வைத்துத் தைக்கும்போது துண்டுகள் குழம்பாமல் இருக்க என்ன செய்யலாம்?

பேட்டர்ன் தாளை (துணியை வெட்ட உதவும் மாதிரி வடிவத் தாளை) வைத்து வெட்டிய துண்டுகளில் எது எதுவென்று தைக்கும் நேரத்தில் தெரியாமல் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வெட்டிய உடனே தாளைக் கழற்றிவிடுவதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். கழுத்துப் பட்டியும் கைப் பட்டியும் தாள் இல்லாமல் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்; ஆகவே ஒவ்வொரு துண்டையும் தைக்க எடுக்கும் வரை அதன் தாள் குண்டூசியுடன் அதிலேயே இருக்கட்டும். தாளை எடுப்பதற்கு முன் டார்ட் (உடல் வளைவுக்கேற்பத் துணியை மடித்துத் தைக்கும் இடம்) முனைகளையும், இரு துண்டுகள் சேர வேண்டிய இடத்தைக் காட்டும் பொருத்தக் குறிகளையும் துணியின் உட்புறத்தில் தையல் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, இருபுறமும் ஒரே மாதிரித் தெரியும் துணியாக இருந்தால் உட்புறத்தில் ஒரு சிறு ஒட்டுநாடாவையும் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கைகளும் ஒரே தோளுக்கு உரியவையாக அமைந்துவிடக்கூடும். இந்த ஒரு பழக்கம் எனக்குப் பிரித்துத் தைக்கும் வேலையைப் பலமுறை மிச்சப்படுத்தியிருக்கிறது.

வெட்டுவதற்கு முன்பே, தையலுக்கு விட வேண்டிய துணி பேட்டர்னில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அச்சிட்டு விற்கப்படும் பேட்டர்ன்கள் பலவற்றில் அது 1.5 செ.மீ. இருக்கும், சிலவற்றில் அறவே இருக்காது. ஒரே தாளில் பல அளவுகள் இருந்தால், அசலை வெட்டாமல் உங்கள் அளவை மட்டும் நகலெடுத்துக்கொள்வது நல்லது. நூல், ஜிப், பொத்தான்களைத் துண்டுகளுடன் ஒரே பையில் வையுங்கள். வேலையைப் பாதியில் நிறுத்தும்போது, அடுத்து எந்தப் படி என்பதைச் செய்முறைத் தாளிலேயே பென்சிலால் குறித்துவையுங்கள்.