இரண்டு அடித் தொட்டிக்கு ஒரு சண்டைக்கார மீன்

கேள்வி: வெள்ளவத்தையில் மாடி வீட்டில் குடியிருக்கிறோம். 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கிவிட்டேன். கடல்மீன் வளர்க்க ஆசை. பன்னிரண்டு வயது மகனுக்குச் சாதுவான மீன் வேண்டாமாம். முறைக்கிற, துரத்துகிற மீன்தான் வேண்டுமாம். எனக்கோ எளிதில் சாகாத, அதிகம் பராமரிப்புக் கேட்காத மீன் வேண்டும். கடைக்காரர் இரண்டு அங்குலக் கிளாத்திக் குஞ்சு ஒன்றையும் சின்ன அஞ்சாலை ஒன்றையும் காட்டி, "இவை கல்லு மாதிரி, சாகாது" என்கிறார். வாங்கலாமா?

பதில்: கடைக்காரர் பொய் சொல்லவில்லை. இரண்டுமே தாக்குப்பிடிக்கும் மீன்கள்தான். ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். கடைகளில் அதிகம் காணப்படும் பிக்காசோ கிளாத்தி 25 சென்ரிமீற்றர் வரை வளரும். உங்கள் தொட்டியின் அகலமே 30 சென்ரிமீற்றர். அந்த மீன் ஒருமுறை திரும்புவதற்குள் கண்ணாடியில் மூக்கு இடிக்கும். பாம்பு போல் நீண்ட ஸ்னோஃப்ளேக் அஞ்சாலை 70 சென்ரிமீற்றரையும் தாண்டக்கூடியது; தொட்டியின் நீளமோ 60. மூடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் இரவோடு இரவாக வெளியேறி, காலையில் சோபாவுக்கு அடியில் காய்ந்து கிடக்கும்.

கடல்மீன் வாங்கும்போது விலைக்கு முன்னால் கேட்க வேண்டியது, "வளர்ந்தால் எவ்வளவு?" என்பதுதான். கண்ணாடிக்குள் இப்போது தெரிவது குழந்தைப் பருவம்.

லயன்ஃபிஷையும் காட்டியிருப்பார்கள், அல்லது அடுத்த முறை காட்டுவார்கள். குள்ள வகைகூட 15 சென்ரிமீற்றருக்கு மேல் வளரும். அதன் முதுகு முட்களில் விஷம் இருக்கிறது. குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டு நீரில் கையை அமிழ்த்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தொட்டிக்குள் கைவிடத் துடிக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்கு அது வேண்டாம்.

உங்கள் தொட்டி கொள்வது ஏறக்குறைய 70 லீற்றர். கல்லும் மணலும் போட்டால் 60. இதற்குள் நான் மூன்று மீன்களைச் சொல்வேன். அவற்றில் ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டும்.

முதலாவது கிளார்க் கோமாளி மீன். கோமாளி என்ற பெயரைக் கேட்டு மகன் முகம் சுளிப்பான். ஒரு சோடி வாங்கி விடுங்கள், ஓராண்டில் அவன் கருத்து மாறும். கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்குகின்றன; சோடியில் பெரியது பெண்ணாக மாறிவிடும். அந்த அம்மாதான் வீட்டின் அதிகாரி. கண்ணாடி துடைக்கக் கைவிட்டால் கடிப்பாள். காயம் வராது, ஆனால் கையை வெளியே இழுத்துவிடுவீர்கள். இலங்கைக் கடலில் வாழும் மீன் என்பதால் நம் வெப்பம் அதற்குப் பழக்கம். கடலில் அது ஒளிந்து வாழும் அனிமோன் என்ற பூப்போன்ற உயிரி இல்லாமலே வாழும். "இது இல்லாவிட்டால் செத்துவிடும்" என்று யாராவது அனிமோனையும் சேர்த்து விற்கப் பார்த்தால் சிரித்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட ஹம்பக் டாம்செல். ஒன்றே ஒன்று. மலிவு என்பதால் ஐந்தாறு வாங்குகிறவர்கள் பலர். சில மாதங்களில் ஒன்றுதான் மிஞ்சும், மற்றவற்றை அது அடித்தே கொன்றிருக்கும். அதன் உறவான டொமினோ இன்னும் முரடு, அளவிலும் பெரிது. இந்தத் தொட்டிக்கு அதைத் தவிர்ப்பேன்.

மூன்றாவது ஹோக்ஃபிஷ், சிறிய வகை. பத்து சென்ரிமீற்றருக்குள் அடங்கும். நீந்துவதைவிடக் கல்லின்மேல் உட்கார்ந்து வீட்டில் நடப்பதைக் கண்ணால் தொடர்வதுதான் அதற்குப் பிடித்த வேலை. உங்கள் மகன் கேட்கும் "முறைக்கிற மீன்" இதுதான். அலங்கார இறால் வைத்திருந்தால் அது இரவு உணவாகிவிடும். துள்ளி வெளியே விழும் பழக்கமும் உண்டு, எனவே மூடி கட்டாயம்.

பராமரிப்புக் குறைவு என்பது தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தொட்டியை நிரப்பிய அன்றே மீன் விடாதீர்கள். சந்தையில் வாங்கிய உரிக்காத இறால் ஒன்றைப் போட்டு, பில்டரை ஓடவிட்டு, நான்கு முதல் ஆறு வாரம் காத்திருங்கள். மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு பூச்சியத்துக்கு இறங்கும். பரிசோதனைக் கிட் ஒன்றுக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. "டாம்செலைப் போட்டுத் தண்ணீரைப் பழக்குங்கள்" என்று சொல்வார்கள். பிறகு அந்த டாம்செலைப் பிடிக்க முழுக் கல்லையும் வெளியே எடுக்க வேண்டிவரும்.

ஏப்ரலில் மாடி வீட்டுத் தொட்டி 31 பாகையைத் தாண்டினால் முதலில் குறைவது நீரிலுள்ள ஒட்சிசன்தான். தண்ணீரின்மேல் ஒரு சிறு மின்விசிறி வீசினால் ஓரிரு பாகை இறங்கும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கும். ஆகவே குறைந்ததை நன்னீரால் நிரப்புங்கள், குளோரின் நீக்கியதால். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றும் வாங்கி வையுங்கள். 2022இல் ஒரே நாளில் 13 மணிநேரம் மின்சாரம் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள்.

வாங்கும் நாளில் மீன் சாப்பிடுவதைக் கண்ணால் பாருங்கள். உங்கள் முன்னால் உணவு போடச் சொல்லுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கரைக் கடல் கலங்கிவிடும், மீன் பிடிப்பவர்கள் கிழக்குக் கரைக்குப் போய்விடுவார்கள். அந்த மாதங்களில் கொழும்புக்கு வரும் மீன் திருகோணமலைப் பக்கத்திலிருந்து பைக்குள் நெடுந்தூரம் பயணித்ததாக இருக்கலாம். கடைக்கு வந்து ஒரு வாரமாவது ஆனதா என்று கேளுங்கள். ஆகவில்லை என்றால் முற்பணம் கொடுத்துவிட்டுப் பிறகு போய் எடுங்கள்.

கேள்வி: உப்பு விலையாக இருக்கிறது. தெஹிவளைக் கடற்கரையிலிருந்து கலனில் தண்ணீர் அள்ளி வந்தால் என்ன?

பதில்: அள்ளாதீர்கள். கொழும்பின் கழிவுநீர் குழாய்கள் வழியாகக் கடலுக்குள் போய்ச் சேருவது வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும். வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்களும் அந்தக் கரையில்தான் கடலில் கலக்கின்றன. கணக்கைப் பாருங்கள்: ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் கடலுப்புக் கலவை. 70 லீற்றருக்கு இரண்டரைக் கிலோ, பிறகு வாராவாரம் பத்து வீதம் மாற்றினால் 250 கிராம். சமையலறை உப்பு உதவாது. கடல்நீரில் இருப்பது சோடியம் குளோரைட்டு மட்டுமல்ல.

கேள்வி: வாங்கிய இரண்டாம் நாளே மீன் செத்துவிட்டது. பற்றுச்சீட்டும் தரவில்லை, பணமும் திருப்பித் தர முடியாது என்கிறார்கள். யாரிடம் சொல்வது?

பதில்: கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை. மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தை அழையுங்கள். ஆனால் உயிருள்ள பொருளில் தவறு யாருடையது என்று நிறுவுவது கடினம். உங்கள் தொட்டித் தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்து உடனே அமோனியா பார்த்துக்கொள்ளுங்கள். ஏறியிருந்தால் கடைக்காரரைக் குறைசொல்ல இடமில்லை. அடுத்த முறை மீனின் பெயர், திகதி, எத்தனை நாள் உத்தரவாதம் ஆகியவற்றைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் மீனைப் பார்த்துவிட்டு வரலாம், வாங்க வேண்டாம்.