வாசலோடு திரும்பிவிட்டீர்கள்

கேள்வி: நியூயார்க்கில் பார்க் அவென்யூ முழுக்க நடந்து பார்த்தேன். பெரும் பணக்காரர்களின் பழைய அடுக்குமாடிகளாம். கீழே மூன்று மாடி சுண்ணாம்புக்கல், மேலே வெறும் செங்கல், எல்லாம் ஒரே பெட்டி. இதில் என்ன கட்டடக்கலை?

பதில்: வாசலோடு திரும்பிவிட்டீர்கள். அந்தக் கட்டடங்களின் கலை முகப்பில் இல்லை, பிளானில் இருக்கிறது.

முதலில், நீங்கள் நடந்த தெருவுக்கு அடியில் ரயில் ஓடுகிறது. 1902-இல் அங்கே சுரங்கத்துக்குள் புகை மண்டி, சிக்னல் தெரியாமல் ரயில்கள் மோதிப் பலர் இறந்தார்கள். 1908 முதல் நீராவி எஞ்சினுக்குத் தடை. மின்சார ரயில் வந்தது. புகை போன பிறகுதான் பணம் குடிவந்தது.

ரொசாரியோ கண்டேலா என்ற பெயரைத் தேடிப் பாருங்கள். சிசிலியிலிருந்து 1909-இல் வந்து, 1915-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை முடித்தவர். ஆர்தர் லூமிஸ் ஹார்மனோடு சேர்ந்து அவர் வடிவமைத்த 740 பார்க் அவென்யூ 1930-இல் எழுந்தது. அவருடைய பிளான் ஒன்றை விரல் வைத்துப் படியுங்கள். லிஃப்டிலிருந்து ஒரு சிறு முன்னறை, அதைத் தாண்டி விசாலமான நடுக்கூடம். வரவேற்பறை, நூலகம், சாப்பாட்டு அறை எல்லாவற்றுக்கும் அங்கிருந்தே வழி. படுக்கையறைகள் தனியாக ஒரு பக்கத்தில். விருந்துக்கு வந்தவர் கண்ணில் ஒரு படுக்கையறைக் கதவுகூடப் படாது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வீடுகளில், தனி மாளிகையில் வாழும் உணர்வைக் கொண்டுவந்தது அந்த நடுக்கூடம்தான். ஜன்னல்கள் உள்ளே இருக்கும் அறைக்காக வைக்கப்பட்டவை. தெருவில் போகிறவருக்காக அல்ல.

தலையை நிமிர்த்தவும் மறந்துவிட்டீர்கள். 1929-இல் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கான சட்டம் மாறியதும், உச்சி மாடிகள் படிப்படியாக உள்வாங்கி மொட்டைமாடித் தோட்டங்களாயின. சில உச்சிகளில் கோபுரம்போல் தெரிவது தண்ணீர்த் தொட்டியை மறைக்கும் கட்டுமானம். சாதாரணத் தேவையை இவ்வளவு அக்கறையோடு மறைத்திருப்பதே எனக்குப் பிடித்த இடம்.

பிடிக்காததும் அதே பிளானில் இருக்கிறது. சமையலறைக்குப் பின்னால், உள்முற்றத்தைப் பார்த்த ஒற்றை ஜன்னலோடு, வரிசையாகக் குறுகிய அறைகள். அவை வேலைக்காரப் பெண்களுக்கு. அவர்களுக்குத் தனி லிஃப்ட், தனி வாசல். அந்த வாசலையும் நீங்கள் கடந்துதான் போயிருப்பீர்கள். பெரும்பாலும் பக்கத்துத் தெருவில், பெயர்ப்பலகை இல்லாமல் இருக்கும்.