ஹாங்காங்குக்கு 2047 வரை தன்னாட்சி என்றார்களே, அது என்ன ஆயிற்று?

அந்த வாக்குறுதி தாளில் இன்னும் இருக்கிறது. உயிர்தான் போய்விட்டது.

1984-இல் பிரிட்டனும் சீனாவும் செய்த ஒப்பந்தப்படி, 1997-இல் ஹாங்காங் பிரிட்டனிடமிருந்து சீனாவிடம் போன பின் 50 ஆண்டுகள் அதன் நீதிமன்றமும் பத்திரிகையும் பழையபடியே இயங்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர்களைச் சீனாவுக்கு அனுப்ப வழிசெய்யும் மசோதாவை எதிர்த்து 2019-இல் லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். அந்த நவம்பரில் நடந்த மாவட்ட மன்றத் தேர்தலில் 18-இல் 17 மன்றங்கள் ஜனநாயக அணியிடம் போயின. பெய்ஜிங்கை மிரள வைத்தது போராட்டத்தைவிட இந்த முடிவுதான் என்பது என் கணிப்பு.

2020 ஜூன் 30 இரவு 11 மணிக்கு, பிரிவினை, அரசைக் கவிழ்த்தல் போன்றவற்றைத் தண்டிக்க பெய்ஜிங் இயற்றிய தேசியப் பாதுகாப்புச் சட்டம் அங்கே அமலுக்கு வந்தது. முழு வாசகத்தை மக்கள் பார்த்ததே அப்போதுதான்! மறு ஆண்டு ஜனநாயக ஆதரவு நாளிதழான 'ஆப்பிள் டெய்லி' மூடப்பட்டது. சட்டமன்றத்தின் 90 இடங்களில் 20 மட்டுமே மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவை என்றானது. 1989-இல் பெய்ஜிங்கில் தியானன்மென் போராட்டத்தை ராணுவம் ஒடுக்கியபோது இறந்தவர்களுக்காக விக்டோரியா பூங்காவில் ஆண்டுதோறும் மெழுகுவர்த்தி ஏற்றினார்களே, அதுவும் நின்றுபோனது.

இது அந்த ஊரோடு முடியும் விஷயம் அல்ல. தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, ஹாங்காங்வாசி அல்லாதவர் வெளிநாட்டில் செய்வதையும் குற்றமாக்குகிறது. 2023-இல் வெளிநாடுகளில் வாழும் ஹாங்காங் ஜனநாயக ஆர்வலர்கள் 8 பேரின் தலைக்கு ஆளுக்கு 10 லட்சம் ஹாங்காங் டாலர் பரிசு அறிவித்தார்கள்.

ஹாங்காங்குக்குத் தந்த இந்தத் தன்னாட்சி ஏற்பாட்டின் பெயர் 'ஒரு நாடு, இரு அமைப்புகள்'. அது முதலில் தைவானை மனதில் வைத்து வகுத்த திட்டம். தைவான் மக்கள் அதை ஏன் தொடக்கூட மறுக்கிறார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும்.