எந்த விதியில், எவரோடு, எவர் கண்முன்னே: தற்காப்புக் கலை வீரர்கள் குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நீங்கள் பல ஆண்டுகளாக ஜூடோ கற்பிக்கிறீர்கள். உலகத் தற்காப்புக் கலை வீரர்களில் மிகப் பெரியவர் யார்? ஒரே ஒரு பெயரைச் சொல்லுங்கள்.

பதில்: ஒரே பெயர்தான் வேண்டுமென்றால் மசாஹிகோ கிமுரா என்பேன். 1917இல் குமமோட்டோவில் பிறந்த அவர், 1937, 1938, 1939 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து அகில ஜப்பான் ஜூடோ பட்டத்தை வென்றார். போருக்குப் பிறகு, 1949இல் அதே பட்டத்தை இஷிகாவாவோடு பகிர்ந்துகொண்டார். ஆனால் நான் சொன்னேன் என்பதற்காக இதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். எந்த விதியில் மோதினார், எவரோடு மோதினார், எவர் கண்முன்னே மோதினார் என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் விடை இல்லாத பெயர் எவ்வளவு புகழ் பெற்றிருந்தாலும் அதை நான் வரிசையில் சேர்ப்பதில்லை.

கேள்வி: புரூஸ் லீயை ஏன் விட்டுவிட்டீர்கள்?

பதில்: பயிற்சி முறையைப் பற்றிய சிந்தனையில் அவர் பெரியவர், அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் தொழில்முறைப் போட்டிப் பதிவு அவருக்கு இல்லை. 1964இல் அமெரிக்காவின் ஓக்லாந்தில் வாங் ஜாக் மான் என்ற குங்ஃபூ வீரரோடு அவர் மோதியது மூடிய கதவுக்குள் நடந்தது. அதைப் பற்றி இரு தரப்பும் இருவேறு கதைகள் சொல்கின்றன.

கேள்வி: குங்ஃபூவை உருவாக்கியவர் காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தானே? அவரல்லவா எல்லோருக்கும் ஆசான்?

பதில்: அவர் தென்னிந்தியர் என்று சொல்லும் பழைய சீனக் குறிப்பு உண்டு, அவர் தியான மரபின் பெரும் ஆசான் என்பதும் உண்மை. ஆனால் அவரைப் போர்ப் பயிற்சியோடு இணைக்கும் செய்தி 17ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் வருகிறது. அது ஆதாரமற்றது என்று தாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளர் 1930களிலேயே காட்டிவிட்டார். ஷாவோலின் மடத்துத் துறவிகள் 621இல், பின்னாளில் சீனப் பேரரசரான லீ ஷிமின் தரப்பில் போரிட்டதைச் சொல்லும் 728ஆம் ஆண்டுக் கல்வெட்டு அந்த மடத்திலேயே இருக்கிறது. பெருமைப்பட அது போதும்.

கேள்வி: கிமுரா பிரேசிலில் மோதிய கதையைச் சற்று விரிவாகச் சொல்ல முடியுமா?

பதில்: மகிழ்ச்சியோடு சொல்கிறேன். 1951 செப்டம்பரில் கிமுராவின் இளைய தோழரான காட்டோவை, பிரேசிலின் ஜியு-ஜிட்சு வீரர் ஹெலியோ கிரேசி கழுத்தை நெரித்து மயங்கச் செய்தார். அதன் பிறகு அக்டோபர் 23 அன்று, ரியோவின் மரக்கானா அரங்கில் கிமுராவே களமிறங்கினார். வீசி எறிவதற்குப் புள்ளி கிடையாது. எதிராளி பணிய வேண்டும் அல்லது மயங்க வேண்டும் என்பதே விதி. கிமுரா மீண்டும் மீண்டும் தூக்கி வீசினார், ஹெலியோ மீண்டும் மீண்டும் எழுந்தார். இரண்டாம் சுற்றில் கிமுரா பூட்டிய பிடியை ஜூடோவில் உதே கராமி என்பார்கள். எதிராளியின் மணிக்கட்டை ஒரு கையால் பற்றி, மற்றொரு கையை அவருடைய மேற்கைக்கு அடியில் நுழைத்து, நம் மணிக்கட்டையே நாம் பிடித்துக்கொண்டு, அவர் கையை முதுகுப் பக்கமாகத் திருப்ப வேண்டும். இதை நான் என் தோளில் வாங்கியிருக்கிறேன். முதல் அரை அங்குலத்தில் ஒன்றுமே தெரியாது. அடுத்த அரை அங்குலத்தில் மற்றொரு கை தானாகவே விரிப்பைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டுவிடும். ஹெலியோ தட்டவில்லை. கை முறிந்த பிறகும் தட்டவில்லை. அண்ணன் கார்லோஸ்தான் தோல்வியை ஏற்றுத் துண்டை எறிந்தார்.

இதைப் படித்துவிட்டு வீட்டில் தம்பி தங்கைகளிடம் முயன்று பார்க்காதீர்கள். தோள்மூட்டு எச்சரித்துவிட்டுக் கிழிவதில்லை.

கேள்வி: கிமுரா எடை கூடியவர். மூன்று நிமிடம் தாங்கினாலே ஹெலியோ வென்றதாகக் கொள்ளலாம் என்று அவரே சொன்னதாகவும் கேள்விப்படுகிறோம். ஹெலியோ 13 நிமிடம் நின்றார். அப்படியானால் வென்றவர் யார்?

பதில்: வென்றவர் கிமுரா. போட்டிக்கு முந்தைய பேச்சு விதியாகிவிடாது. எடை வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. அது பெரிய காரணிதான். ஆனால் எடையைப் பொருட்படுத்தாத கலை என்று தம் கலையை முன்வைத்தவர்களே தோற்ற பிறகு எடையைச் சுட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: நீங்கள் ஜூடோக்காரர் என்பதால் ஒருதலையாகப் பேசுகிறீர்கள். கிரேசிகளின் துணிவை ஏன் மதிக்க மறுக்கிறீர்கள்?

பதில்: மறுக்கவில்லை. ஹெலியோவின் மன உறுதியைக் கிமுராவே தம் நினைவுக் குறிப்பில் வியந்து எழுதியிருக்கிறார். அவரைவிட நான் நியாயவான் அல்லன். கிரேசிகளின் கலையும் ஜூடோவின் கிளைதான். ஜூடோவை உருவாக்கிய கானோவின் கோடோகன் பள்ளியிலிருந்து சென்று பிரேசிலின் பெலெம் நகரில் குடியேறிய மிட்சுயோ மயேதாதான் கார்லோஸுக்குக் கற்பித்தவர். 1993இல் அமெரிக்காவின் டென்வரில், பல கலை வீரர்களும் மோதிய போட்டியில் ஹெலியோவின் மகன் ராய்ஸ் ஒரே இரவில் மூவரைப் பணியவைத்தபோது, நின்று அடிப்பவர்களுக்குத் தரைப் பிடியின் வலிமை விளங்கியது. எல்லாவற்றையும்விட என்னை நெகிழவைப்பது வேறொன்று: தம் குடும்பத்தவரின் கையை முறித்த பிடியை இன்றும் அவர்கள் கிமுரா என்ற பெயரிலேயே கற்பிக்கிறார்கள்.

கேள்வி: போதிதர்மர் பற்றிச் சீனர்கள் உண்மையை மறைக்கிறார்கள் என்கிறார்களே?

பதில்: மேலே விடை இருக்கிறது. அதையே படியுங்கள்.

கேள்வி: நம் நாட்டுப் பயில்வான் காமாவைச் சேர்ப்பீர்களா?

பதில்: முதல் வரிசையிலேயே சேர்ப்பேன். 1910 செப்டம்பரில் லண்டனில் ஸ்பிஷ்கோவோடு அவர் மோதியபோது, காமாவால் கீழே தள்ளப்பட்ட அந்தப் போலந்து மல்லர் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் தரையோடு ஒட்டிக்கிடந்து தோல்வியைத் தவிர்த்தார். மறுவாரம் அவர் களத்துக்கே வரவில்லை. 1928இல் பாட்டியாலாவில் மீண்டும் மோதியபோது, காமாவுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. விதி, எதிராளி, சாட்சி ஆகிய மூன்றும் தெளிவாக இருக்கின்றன.

கேள்வி: புரூஸ் லீயும் மைக் டைசனும் மோதினால்?

பதில்: மோதவில்லை. அதனால் சொல்ல ஒன்றுமில்லை.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. கிமுரா பிடியைக் காணொளி பார்த்துக் கற்கிறான். ஊக்குவிக்கலாமா?

பதில்: இன்றே நிறுத்துங்கள். 2000 ஆகஸ்டில் கார்லோஸின் பேரன் ரென்சோவுக்கு ஜப்பானிய வீரர் சகுராபா இதே பிடியைப் போட்டார். ரென்சோவும் தட்டவில்லை, அவருடைய முழங்கை பெயர்ந்தது. அவர் பல ஆண்டுகள் பயின்ற பெரியவர், பக்கத்தில் நடுவர் இருந்தார். உங்கள் மகனின் பக்கத்தில் யாரும் இல்லை. பாதுகாப்பாக விழுவதையும் தட்டுவதையும் முதலில் கற்பிக்கிற ஆசிரியரிடம் சேர்த்துவிடுங்கள்; பூட்டுப் பிடிகள் எந்த வயதில் வேண்டும் என்பதை அவர் முடிவு செய்யட்டும்.