அதிகம் காய்த்த மொச்சைச் செடியின் விதையை எடுத்து வைத்தால் அடுத்த வருடம் விளைச்சல் கூடுமா?

பெங்களூரு வீட்டு மாடியில் விதைக்கப் போகிறீர்கள், நல்லா காய்த்த செடியாகப் பார்த்து விதை எடுத்தால் போதுமா என்று கேட்கிறீர்கள். போதாது.

அந்தச் செடிக்குக் கொஞ்சம் கூடுதல் எருவோ வெயிலோ கிடைத்திருக்கலாம், அது விதை வழியாக இறங்காது. மகசூல் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கிற, சூழல் ரொம்பவே ஆட்டிவைக்கிற குணம். நூறு விதையின் எடை, பூக்கும் நாள் போன்றவை அதைவிட நம்பகமாக இறங்கும்.

அப்புறம் இன்னொன்று, எல்லாச் செடியும் ஒரே தூய வழியாக (ஒரே செடியிலிருந்து தன் மகரந்தத்தாலேயே வந்த, மரபணுவில் ஒரே மாதிரியான வம்சமாக) இருந்தால் தேர்ந்தெடுக்க உள்ளே வேறுபாடே இருக்காது. 1903-லேயே டென்மார்க் தாவரவியலாளர் ஜோஹான்சென் பீன்ஸில் இதைக் காட்டிவிட்டார். மொச்சை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பது, அதனால் நாட்டு விதைக் கலவையிலோ கலப்பினத்தின் அடுத்த தலைமுறைகளிலோதான் தேட வேண்டும்.

மகசூலைத் தவிர வேறு குணங்களையும் பார்க்க வேண்டும் என்பதற்கு நம் ஊர் உதாரணம்: நாட்டு 'அவரே' (மொச்சைக்குக் கன்னடப் பெயர்) பகல் குறுகினால்தான் பூக்கும், அதனால்தான் குளிர்கால ராஜா. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஹெப்பாள் அவரே 3, 4 ரகங்கள் பகல் நீளத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் சந்தையில் மக்கள் முதலில் முகர்ந்து பார்ப்பது 'சொகடு' என்கிற, காய்க்கே உரிய வாசனையைத்தான், (பிதுக்குப்பருப்புக் குழம்புக்கு அது இல்லாமல் என் அம்மா வாங்கவே மாட்டார்) ஆக அதையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

ஓரத்துச் செடியிலிருந்து விதை எடுக்காதீர்கள், அதற்கு வெயில் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம். ஒவ்வொரு செடியின் விதையையும் தனி வரிசையாக விதைத்து, வரிசைகளை ஒப்பிடுங்கள்.