ஐரோப்பா பேசும் ஜனநாயகம், மனித உரிமையை ஜப்பானியர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்?

அமெரிக்கா கூட்டாளி நாடுகள் மேலேயே வரி போடும் இந்தக் காலத்தில் ஜப்பான் ஐரோப்பாவின் பக்கம் சாய்கிறதா என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். சாய்கிறது. 2025இல் இரண்டு பேருக்கும் ஒரே மாதத்தில் அதே 15 சதவீத வரிதான் விழுந்தது. ஆனால் ஐரோப்பா சொல்வதில் பாதியைத்தான் ஜப்பான் எடுத்துக்கொள்கிறது. பத்து வருடமாக டோக்கியோவில் வேலை பார்ப்பவன், எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

2018 ஜூலையை எடுத்துக்கொள்ளுங்கள். 6ஆம் தேதி, ஓம் ஷின்ரிக்கியோ அமைப்பைச் சேர்ந்த 7 பேரைத் தூக்கிலிட்டார்கள். 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் விஷவாயுவைப் பரப்பிய கூட்டம் அது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தூதுக்குழு அன்றே மரண தண்டனையைக் கண்டித்து அறிக்கை விட்டது. 17ஆம் தேதி ஒன்றியத்தின் தலைவர்கள் டஸ்க்கும் யுங்கரும் டோக்கியோ வந்து, பிரதமர் அபேயோடு இரண்டு ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்று வர்த்தகம். இன்னொன்று ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, மனித உரிமை ஆகியவற்றை இருவருக்கும் பொதுவானவை என்று சொல்லும் கூட்டாண்மை. 26ஆம் தேதி மீதி 6 பேரையும் தூக்கிலிட்டார்கள்.

இது முரணாகத் தெரியவில்லையா என்று அலுவலகத்தில் மூத்தவர் ஒருவரிடம் கேட்டேன். 1995இல் அவர் அந்த ரயில் பாதையில்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாராம். "நாடுகளுக்கு நடுவே விதி வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் வீட்டு விஷயத்துக்கு அவர்கள் எதற்கு?" என்றார். அவர் ஒருவரின் கருத்து என்று தள்ள முடியாது. அரசின் கருத்துக்கணிப்புகளில் 80 சதவீதத்துக்கும் மேலானவர்கள் மரண தண்டனை தவிர்க்க முடியாதது என்கிறார்கள். நான் இதில் ஐரோப்பாவின் பக்கம். மரண தண்டனை விதிக்கப்பட்ட ஹகமதா இவாவோ கிட்டத்தட்ட 48 வருடம் சிறையில் கிடந்து, 2024இல்தான் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகும் அந்த எண் இறங்கவில்லை என்பது எனக்கு ஆறவே இல்லை.

அந்த "எதற்கு"க்கு ஒரு பழைய காயமும் உண்டு. 1919இல் பாரிஸ் அமைதி மாநாட்டில், இன வேறுபாடு பார்க்காமல் எல்லா நாட்டவரையும் சமமாக நடத்த வேண்டும் என்று ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் சாசனத்தில் சேர்க்கச் சொன்னது ஜப்பான். 17 வாக்குகளில் 11 ஆதரவு. பிரான்ஸும் இத்தாலியும்கூட ஆதரித்தன. ஆஸ்திரேலியா முரண்டுபிடித்தது, பிரிட்டன் அதன் பக்கம் நின்றது. கடைசியில் தலைமை வகித்த அமெரிக்க அதிபர் வில்சன், ஒருமனதாக இல்லாததால் செல்லாது என்றார். இங்கே படித்தவர்கள் பலருக்கும் இந்தக் கதை தெரியும். அதே வருடம் கொரியாவில் விடுதலை கேட்டு எழுந்தவர்களை ஜப்பான் அடித்து நொறுக்கியதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். சொல்பவர்கள் குறைவு.

சரி, மனதார எடுத்துக்கொண்ட பாதி எது? எல்லையைப் பலத்தால் மாற்றக் கூடாது என்பது. சீனா பக்கத்தில் இருப்பதால் இது இவர்களுக்கு ஏட்டுச் சங்கதி இல்லை. "இன்றைய உக்ரைன் நாளைய கிழக்காசியாவாகலாம்" என்று 2022இல் பிரதமர் கிஷிதா சொன்னார். அந்த வருடம் நேட்டோ உச்சி மாநாட்டுக்குப் போன முதல் ஜப்பானியப் பிரதமரும் அவர்தான். ஆனால் சகாலின் தீவின் ரஷ்ய எரிவாயுவை மட்டும் ஜப்பான் விடவில்லை.

உக்ரைனிலிருந்து 2,000க்கும் மேற்பட்டவர்களை வரவேற்றபோதும் 'நான்மின்', அதாவது அகதி, என்ற சொல்லை அரசு தவிர்த்தது. 'ஹினான்மின்', தற்காலிகமாக வெளியேறி வந்தவர்கள், என்றே சொன்னது. அகதி என்று ஏற்பதில் ஜப்பான் அவ்வளவு கைச்சிக்கனம். அப்புறம் 2023 டிசம்பரில், போரிலிருந்து தப்பி வருபவர்களுக்கு அகதிக்கு நிகரான பாதுகாப்பு என்ற புது வகை சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அதைப் போன்ற ஒன்று ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் 2004இலேயே வந்துவிட்டது.