தையல் பிரித்த பிறகு வரும் அழுகை

விபத்து, தீ, அடிதடி என்று பெரிய அதிர்ச்சியிலிருந்து மீண்டு வருகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, சேலத்தில் மனநல ஆலோசகராக இருக்கும் நான் பதில் எழுதுகிறேன்.

அஸ்தம்பட்டி வாசகர்: ஏற்காடு மலைப்பாதையில் பைக்கோடு விழுந்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டுக் கண்ணீர் வரலை. தையல் பிரிச்சு வேலைக்குப் போற இப்போ, சாப்பிட உட்கார்ந்தா அழுகை வருது, கை நடுங்குது. மறுபடி மோசமாகிறேனா?

இல்லை தம்பி. ஆபத்து நேரத்தில் உடம்பு முதலில் உயிரைத்தான் பார்க்கும். அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும், வலிகூடச் சரியாக உறைக்காது. அழுகைக்கெல்லாம் அப்போது இடமில்லை. இனி பயமில்லை என்று ஆன பிறகுதான் பலருக்கு அது வெளியே வருகிறது. என்னிடம் வந்த ஒரு அம்மா காபி டம்ளரை எடுத்ததும், அது டவராவில் கடகடவென்று தட்டியது. வெட்கப்பட்டு வைக்கப் போனார். "வைக்காதீங்கம்மா, ரெண்டு கையாலயும் பிடிங்க, பாதத்தைத் தரையில நல்லா ஊன்றிக்கோங்க" என்றேன். உள்ளங்கையில் சூடு ஏற ஏற, சில நிமிடத்தில் நடுக்கம் அடங்கியது. நீங்களும் அடக்கிப் பார்க்காதீர்கள், வந்து போகட்டும். தலையில் அடிபட்டிருந்தால் மட்டும் நடுக்கத்தை டாக்டரிடம் உடனே சொல்லிவிடுங்கள்.

ஏற்காடு எஸ்டேட்டிலிருந்து ஒரு சகோதரி: அண்ணன் தவறினது காபி பூக்குற சமயம். இப்பவும் அந்த வாசனை வந்தா நெஞ்சு படபடக்குது, வேர்க்குது.

மற்ற புலன்களின் செய்தி மூளையில் தலாமஸ் என்ற பகுதி வழியாகச் சுற்றிப் போகும். வாசனைக்கு மட்டும், பயத்தை ஆளும் அமிக்டலா என்ற பகுதிக்குக் குறுக்கு வழி உண்டு. அதனால், என்ன நடக்கிறது என்று நீங்கள் யோசிப்பதற்குள் உடம்பு பதறிவிடுகிறது. கோடை மழை பெய்து ஒரு வாரம், பத்து நாளில் பூ வந்துவிடும். மழை விழுந்ததுமே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள்மா. படபடப்பு வரும்போது இன்றைய தேதியை வாய்விட்டுச் சொல்லி, மூச்சை மெதுவாக நீட்டி வெளியே விடுங்கள்.

அம்மாப்பேட்டை தாய்: பத்து வயசுப் பையன், பக்கத்து வீடு எரிஞ்சதைப் பார்த்தான். திரும்ப ராத்திரி படுக்கையை நனைக்கிறான். மந்திரிக்கச் சொல்றாங்க.

தாராளமாக மந்திரித்துக்கொள்ளுங்கள் அம்மா, உங்களுக்கும் அது தைரியம். ஆனால் திட்டாதீர்கள், வருகிறவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொல்ல வைக்காதீர்கள். அதிர்ச்சிக்குப் பிறகு பிள்ளைகள் சின்ன வயசுப் பழக்கத்துக்குத் திரும்புவது உண்டு. ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

சூரமங்கலம் வாசகர்: குடிச்சாத்தான் தூக்கம் வருது.

வரும், ஆனால் பின்னிரவில் கலைந்துவிடும். தினமும் குடிக்கிறவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரை வைத்தே குறையுங்கள்.

மறுபடி அஸ்தம்பட்டி வாசகர்: திரும்ப ஏற்காட்டுக்கு ஓட்ட முடியுமா?

முடியும். இருபது கொண்டை ஊசி வளைவையும் ஒரே நாளில் ஏற வேண்டாம். முதலில் நண்பரோடு அடிவாரம் வரை போய் டீ குடியுங்கள். படபடப்பு வந்தால் உடனே வண்டியைத் திருப்பாதீர்கள், அது தணியும்வரை அங்கேயே உட்கார்ந்திருங்கள். அது பழகிய பிறகு, அவர் ஓட்ட நீங்கள் பின்னால் உட்கார்ந்து இரண்டாவது வளைவு வரை.